பதினேழு சம்பவங்கள்

1983 பிப்ரவரி 9, புதன்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். தெருக்குழாயில் ஐந்து குடம் தண்ணீர் பிடித்தேன்; ஆறாவது குடம் பாதி நிறையும்போது தண்ணீர் நின்றுவிட்டது. சவரம், குளியல். ஏழரைக்கு மூன்று இட்லி, ஒரு டம்ளர் காபி. சைக்கிளின் பின்சக்கரத்துக்குக் காற்றடித்தேன். ஒன்பது ஐம்பதுக்கு அலுவலக வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. பதினொன்றரை வரை முந்தின நாள் தபால்களை அந்தந்தக் கோப்பில் சேர்த்தேன்.

இதெல்லாம் என் டைரியில் உள்ளபடி. இருபத்திரண்டு வயதில், வேலைக்குச் சேர்ந்த அன்று எழுதத் தொடங்கியது அது. இந்தப் பக்கத்தை எழுதியபோது எனக்கு நாற்பத்தாறு. ஜவ்வாது மலையின் மேற்கு அடிவாரத்தில், ஆலங்காயத்துப் பக்கம், ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. மலைக்கிராமங்களைப் பற்றிய கோப்புகள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும்.

பதினொன்று நாற்பதுக்கு வந்த தபாலில் சென்னையிலிருந்து ஒரு கடிதம் இருந்தது. பிப்ரவரி 19 அன்று மலைமேல் தொடங்கவிருந்த கண் அறுவை முகாம் ரத்து. முகாமை நடத்த வரவேண்டிய டாக்டர்களை அவர்கள் நாட்டுத் தூதரகம் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டது. தூதரகம் தன் நாட்டுப் பயணிகளுக்கு வெளியிட்ட எச்சரிக்கையின் நகலையும் இணைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரே தாள். அதில் எங்கள் மலைக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலொழிய அந்தப் பகுதிக்குச் செல்லக்கூடாது என்று ஒரு வரி, அதற்குக் கீழே உதாரணங்கள். கரடி தாக்கியது. வனக்காவலர்மீது துப்பாக்கிச் சூடு. அரசு ஜீப்மீது கல்வீச்சு. தீவிரவாதிகளைத் தேடிப் போலீஸ் மலையேறியது. ஒவ்வொன்றுக்கும் தேதி கொடுத்திருந்தார்கள்.

தேதிகள் எல்லாம் சரியாகவே இருந்தன. அவற்றை எடுத்துக் கொடுத்தவன் நான்.

முந்தின ஆண்டு நவம்பரில் அந்தக் குழுவின் தலைமை டாக்டர் இடம் பார்ப்பதற்காகத் தனியாக வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். உயரமானவர், எதையும் இரண்டு முறை கேட்டுக்கொள்பவர். எனக்கு ஓரளவு ஆங்கிலம் வரும் என்பதால் என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். காவலூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மூன்று மணி நேரம் நடந்தோம். வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தபோது அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்தார். எங்கள் நாட்டைப் போன்ற நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு அவர்களுடைய அரசாங்கம் கொடுப்பது. கொதிக்க வைக்காத தண்ணீர் குடிக்காதே, முன்பின் தெரியாதவர் கொடுப்பதைச் சாப்பிடாதே, படுக்குமுன் கதவைத் தாழிடு என்று நீளமான வரிசை. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு இது சரிதானா என்று என்னைக் கேட்டார். கதவு விஷயத்துக்கு மட்டும் பதில் சொன்னேன். நாங்கள் தங்கப்போகிற வீட்டின் கதவில் தாழ்ப்பாளே கிடையாது.

அந்த வீட்டுக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். சாமை விதைக்கிற சரிவு நிலம் கொஞ்சமும் நான்கு புளியமரங்களும் உண்டு. மலைக்கு வருகிற எந்த அலுவலரும் அவர் வீட்டில்தான் தங்குவார்கள். அவருடைய மனைவிக்கு நாற்பது வயதிருக்கும். இரண்டு கண்களிலும் புரை விழுந்திருந்தது. வலது கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். இடது கண்ணுக்கு ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. அடுப்பு மூட்டுவது, சாமை குத்துவது எல்லாம் கைப்பழக்கத்தில் செய்தார்.

டாக்டர் முதல் இரண்டு நாளும் அந்தப் புத்தகத்தைக் காட்டி மறுத்துவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த டப்பா மீனையும் பிஸ்கட்டையும்தான் சாப்பிட்டார். எனக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். மூன்றாம் நாள் காலையில் அவருக்கு வாந்தியும் பேதியும். கடைசியாகத் திறந்த டப்பாவில் மீன் கெட்டுப்போயிருந்தது. வீட்டுக்காரம்மா சுக்குத் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்து, டம்ளரை என் கையில் கொடுத்தார்.

"தண்ணி நல்லா கொதிச்சிதான் கீதுன்னு அவருகிட்ட சொல்லுங்க. இல்லன்னா அந்தப் பொஸ்தகத்தப் பாப்பாரு."

வீட்டுக்காரர் சிரித்தார். "தொரைக்கு அவுங்க ஊரு மீனே ஒத்துக்கல."

இரண்டையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். டாக்டரும் படுத்தபடியே சிரித்தார். அன்று மத்தியானத்திலிருந்து எங்களுக்குப் போட்டதையே அவரும் சாப்பிட்டார். புத்தகத்தை அதற்குப் பிறகு நான் அவர் கையில் பார்க்கவில்லை.

நான்கு நாளில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த எல்லாருடைய கண்ணையும் பரிசோதித்தார். பதினோரு பேருக்கு அறுவை செய்து பார்வை கொண்டுவர முடியும் என்றார். வீட்டுக்காரம்மாவுக்கு இடது கண் நிச்சயம், வலது ஒருவேளை. ஆனால் அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்குள் செய்தாக வேண்டும். புரை முற்றிப்போய் உள்ளேயே கசிந்துவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இதை அவர் என்னை இரண்டு முறை சொல்ல வைத்தார். அந்த அம்மா மூன்றாவது முறையும் சொல்ல வைத்தார். டாக்டர், மாசி பிறந்ததும் நான்கு டாக்டர்களோடு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

டிசம்பரில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வெளிநாட்டவர் வருவதை முன்னிட்டு, மலைப்பகுதியில் கடந்த பத்தாண்டுகளில் நடந்த அசம்பாவிதங்களின் விவரம் தேவை. கூடவே ஒரு படிவமும் இருந்தது. வரிசை எண், தேதி, இடம், சம்பவம், எடுத்த நடவடிக்கை என்று ஐந்து பத்திகள். எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் என்றால் 'குறிப்பிடும்படி ஏதுமில்லை' என்று எழுதி அன்று மாலையே அனுப்பியிருப்பார். அவரைச் சோம்பேறி என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் மூன்று மாலை நேரங்கள் உட்கார்ந்தேன். பழைய கோப்புகளைப் பிரித்தேன். அவற்றில் இல்லாததை என் டைரிகளிலிருந்து எடுத்தேன். பள்ளி ஆய்வாளரின் சைக்கிள் காணாமல் போனது, பாம்பு கடித்து ஓர் ஆசிரியர் இறந்தது, மூன்றாவது வளைவில் ஜீப் கவிழ்ந்தது, கடத்தல்காரர்கள் சந்தனமரம் வெட்டும்போது வனக்காவலரைச் சுட்டது, மலைக்காய்ச்சல். மொத்தம் பதினேழு. ஒன்றுகூடப் பொய்யில்லை. இரண்டு இடத்தில் கோப்பிலிருந்த தேதியே தவறு என்று கண்டுபிடித்துத் திருத்தினேன். அதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அரசு வேலையில் இன்மை அறிக்கை என்று ஒன்று உண்டு. இந்த வாரம் காலரா இல்லை, இந்த மாதம் தீ விபத்து இல்லை என்று, இல்லாததை இல்லை என்றே எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் நினைவூட்டல் வரும். இருபத்துநான்கு ஆண்டுகளில் நான் அனுப்பிய இன்மை அறிக்கைகளுக்குக் கணக்கில்லை. அந்தப் படிவத்துக்கு மட்டும் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்காததை நான் எழுதவில்லை. பத்தாண்டுகளில் பதினேழு நாள் போக மிச்ச நாள்களில் அந்த மலையில் என்ன நடந்தது என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை. அது எங்கள் மேலதிகாரி வழியாக மேலே போயிற்று. தூதரகம் விசாரித்தபோது யாரோ அதையே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கடிதத்தை மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, ரத்து என்றால் ரத்துதான், மலைக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடலாம் என்றார். அறிக்கையைத் தவறாக எடுத்துக்கொண்டார்கள், விளக்கம் எழுதி அனுப்பலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"இன்னாய்யா தவறு? நீர் எழுதினதுல பொய் ஏதாவது இருக்கா?"

இல்லை என்றேன்.

"அப்புறம் இன்னாத்த விளக்கறது?"

ஆள் அனுப்பவில்லை. நானே போனேன். ஒன்று ஐம்பதுக்குப் பஸ், காவலூரிலிருந்து நடை. ஐந்து ஐம்பதுக்கு அந்த வீட்டு வாசலில் இருந்தேன். புளி உலுக்கி முடித்த சமயம். கணவனும் மனைவியும் வாசலில் சாக்கு விரித்து ஓடு உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா தலை நிமிராமலே, "நம்ம சாரு வர்றாரு" என்றார். என் நடைச்சத்தம் அவருக்குத் தெரியும். முகாமுக்காக எந்த எந்த ஊர்க்காரர் யார் யார் வீட்டில் தங்குவது என்று ஏற்கனவே பேசி வைத்துவிட்டதாக வீட்டுக்காரர் சொல்லத் தொடங்கினார். அவர் முடிக்கும்வரை என்னால் காத்திருக்க முடியவில்லை. டாக்டர்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஏன் என்று கேட்டார். இங்கே வருவது ஆபத்து என்று அவர்கள் தூதரகம் சொல்லிவிட்டது என்றேன். தூதரகம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது.

"ஆபத்தா? அந்தாளு நாலு நாளு இங்கதான படுத்துனு இருந்தாரு. ஆபத்து வந்ததுன்னா அது அவுரு டப்பாவுலருந்து வந்தது" என்றார் வீட்டுக்காரர்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். தூதரகத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு, சுக்குக் காபி குடித்துவிட்டு வந்திருக்கலாம். அவர்களுக்கு வேறு யார் சொல்லித் தெரியப்போகிறது? ஆனால் பையில் என் அறிக்கையின் கார்பன் நகல் இருந்தது. எடுத்து, வரிசை எண் ஒன்றிலிருந்து வாசித்துக் காட்டினேன்.

அவர் ஒவ்வொன்றுக்கும் ஓடு உடைத்தபடியே பதில் சொன்னார். சைக்கிளை ஆய்வாளரே புளியமரத்தடியில் மறந்துவிட்டுப் போனார்; அதைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவர் இவர்தான். கரடியிடம் கடிபட்டவன் குட்டிகளோடு இருந்த கரடியைக் கல்லால் அடித்தவன். ஜீப்பின்மேல் கல் போட்டது உண்மைதான். அந்த ஜீப் இரண்டு ஆடுகள்மீது ஏறி அவற்றைக் கொன்றுவிட்டு நிற்காமல் போனது. சந்தனமரக் கும்பல் சுட்டதும் உண்மைதான், அந்தக் கும்பலில் ஒருவனும் மலைக்காரன் இல்லை. இவற்றில் பாதி எனக்கு முன்பே தெரியும். படிவத்தில் காரணம் என்று ஒரு பத்தி இல்லாததால் எழுதவில்லை.

பதினேழும் முடிந்ததும் அந்த அம்மா கேட்டார்.

"நீங்க எத்தினி வாட்டி எங்க மலைக்கு வந்திருப்பீங்க?"

"நூறு தடவைக்கு மேல இருக்கும்மா."

"உங்கள யாரனா எதுனா பண்ணாங்களா?"

"ஒண்ணும் பண்ணல."

"அத்த எழுதினீங்களா?"

அதற்கு அந்தத் தாளில் இடம் இல்லை என்றேன்.

"எடம் இல்லன்னா ஓரத்துல எழுதறதுதான?" என்றார் வீட்டுக்காரர். "நீங்கதான் உங்க நோட்டுல ஓரத்துலல்லாம் எழுதுவீங்களே. பாத்துகீறேன்."

நான் வேறு பேச்செடுத்தேன். பத்து நாள் விடுப்பு எடுக்கிறேன், வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்து நானே கூட இருந்து அறுவை செய்து கூட்டிவருகிறேன் என்றேன். கீழே போக அவர்களுக்கு விருப்பமில்லை என்பது எனக்கு நெடுநாளாகத் தெரியும். ஏன் என்று அதுவரை கேட்டதில்லை. இப்போது கேட்காமலே வீட்டுக்காரர் சொன்னார்.

அவர் சொன்னதும் ஒரு பட்டியல்தான். வாணியம்பாடி பஸ் நிலையத்தில் தண்ணீர் குடித்துத் திரும்புவதற்குள் அவருடைய புளி மூட்டை காணாமல் போனது. போலீஸிடம் சொல்லப் போனால், அந்த மூட்டையையே எங்கே திருடினாய் என்று அவரைக் கேட்டார்கள். ஒரு கடையில் காபி கேட்டபோது வெளியே நின்று குடிக்கச் சொன்னார்கள். கடைசியாக மனைவியின் அக்கா. இரண்டு வருஷத்துக்கு முன் கண் வலி என்று கீழே ஓர் ஆஸ்பத்திரிக்கு இவர்தான் கூட்டிக்கொண்டு போனார். ஆறு நாள் வராந்தாவில் தரையில் கிடந்தார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. கட்டுப் பிரித்தபோதுதான் கண்ணையே எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. திரும்பும்போது, அக்காவின் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்டார்.

"எங்களாண்ட தாளு இல்ல. இருந்திருந்தா நாங்களும் எழுதி ஒட்டியிருப்போம், கீழ போவாதீங்கன்னு."

அவருடைய பட்டியலில் தேதிகள் இல்லை. மற்றபடி என்னுடையதைவிட நம்பத்தக்கது. அதில் ஒவ்வொன்று நடந்தபோதும் அவர் அங்கே இருந்தார். என் பதினேழில் ஒன்றில்கூட நான் இல்லை.

பிறகு அந்த அம்மா மடியில் இருந்த கொட்டைகளை உதறிவிட்டு, கணவரைப் பார்த்து, அதாவது அவர் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னார்.

"அந்தாளு மழைக்கு முன்னன்னு சொன்னாரு. நான் போறேன்."

எனக்கு உயிர் வந்தது. நாளைக்கே மூவரும் காவலூர் வழியாக இறங்கிவிடலாம், வேலூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், படிவங்களை எல்லாம் நானே நிரப்பித் தருகிறேன் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

"நீங்க வோணாங்க" என்றார் வீட்டுக்காரர்.

குரலில் கோபம் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அங்க யாரனா எங்களப் பத்திக் கேட்டா, நீங்க இன்னா சொல்வீங்கன்னு தெரியல."

இருட்டியதும் சோறு போட்டார்கள். சாமைச் சோறு, முருங்கைக்கீரை, நவம்பரில் போட்டது போலவே வாழையிலை நிறைய. எப்போதும் தருகிற பாயைத் தந்தார்கள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. வீட்டுக்காரர் எப்போதும் என்னோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து கீழ்நாட்டுச் சமாசாரம் கேட்பார். அன்று கேட்கவில்லை.

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அந்த அம்மாவுக்கு வேலூரில் இடது கண் அறுவை நடந்தது. எட்டு நாள் வராந்தாவில் கிடந்துதான் நடந்தது. பார்வை வந்துவிட்டது என்று, புளி வாங்க மலைக்குப் போய்வருகிற ஒரு வியாபாரி ஆடி மாதத்தில் சொன்னார். வலது கண் தேறவில்லை. மற்ற பத்துப் பேரில் ஆறு பேர் கீழே இறங்கவே இல்லை. மழைக்கு முன் என்ற கெடு அவர்களுக்கும் இருந்தது.

மார்ச் மாதத்தில் என் டைரிகள் எல்லாவற்றையும் எடுத்து, நான் மலைக்குப் போன நாள்களை எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு. அதில் அங்கேயே தங்கியது எழுபத்தொரு நாள். ஒரு நாளும் எனக்கு ஒரு தீங்கும் நேர்ந்ததில்லை. இதை என் சொந்தப் பெயரில், தேதிவாரியாக, ஆங்கிலத்தில் தூதரகத்துக்கு எழுதினேன். அந்த டாக்டரும் தன் நான்கு நாள் அனுபவத்தை எழுதியிருந்ததாக எனக்கு எழுதினார். இரண்டுக்கும் ஒரே மாதிரி பதில் வந்தது. தனிநபர்களின் அனுபவங்களைத் தெரிவித்தமைக்கு நன்றி. எனினும் தங்கள் எச்சரிக்கை உள்ளூர் அதிகாரிகள் அளித்த முழுமையான தகவலின் அடிப்படையில் அமைந்தது. 'முழுமையான' என்ற சொல்லைப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலையைப் பற்றி யாரும் எழுத்தில் தந்த ஒரே பாராட்டு அதுதான்.

பிப்ரவரி 10, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு விழித்தேன். வீட்டில் யாரும் இல்லை. கதவு திறந்திருந்தது. புளி மூட்டைகள், தானியக் குதிர், விளக்கு, கொடியில் சேலை, எல்லாம் அப்படியே இருந்தன. பக்கத்து வீட்டில் கேட்டேன். வெள்ளி முளைக்கிறபோதே இருவரும் அமிர்தி வழியாக இறங்கிவிட்டார்கள் என்றார்கள். அது காவலூர் வழிக்கு நேர் எதிர்ப்பக்கம்; வேலூருக்குப் போக அதிக நடை. அடுப்புப் பக்கம் எனக்காக ஒரு சட்டியில் கேழ்வரகுக் கூழும் அதன்மேல் மூடிய தட்டில் இரண்டு பச்சைமிளகாயும் வைத்திருந்தார்கள். அதைக் குடித்து முடித்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன்.